குடைக்கம்பி வைத்த குதிரை

அந்தக் குதிரையைக் கையில் எடுத்ததும், இது ஊர்த் தச்சர் யாரோ அவசரத்துக்குச் செய்து கொடுத்தது என்றுதான் எனக்கும் தோன்றியது. வீணைக்குக் குதிரை என்று சொல்கிறோமே, அதையே கிட்டாருக்கு பிரிட்ஜ் என்கிறார்கள்; தந்திகள் ஏறி உட்காரும் கட்டை. இந்தக் கட்டை கருத்த மரம், ஒரு சாணுக்கும் குறைவான நீளம். முதுகில் நீளவாக்கில் சில வெட்டுகள். அந்த வெட்டுகளுக்குள் தந்திக்கு ஒன்றாக ஆறு உலோகத் துண்டுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. உற்றுப் பார்த்தால், கிட்டாரின் கழுத்தில் அடிக்கிற ஃப்ரெட் கம்பியையே துண்டு போட்டுச் சொருகியிருக்கிறார்கள். பசை இல்லை, திருகு இல்லை. நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிடும்.

மேசையில் அதன் பக்கத்திலேயே, பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது பிரிட்ஜ் ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. "கடையில் காட்டினோம் தம்பி. பழையது யாரோ கைவேலையாகச் செய்து வைத்தது, தூக்கிப் போட்டுவிட்டு இதை மாட்டுங்கள் என்றார்களாம். என் அண்ணன் மகன் வாங்கி வந்தான்" என்றார் கிட்டாருக்குச் சொந்தக்காரரான டீச்சர். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன்பு என்னிடம் வந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில், காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. ஜனவரி மாதம். மணி பதினொன்றாகியும் பனி விலகாமல் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சருடைய அப்பா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். 1960களில் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய துரை, வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தபோது ரைட்டருக்கு வந்தது இந்தக் கிட்டார். தையல் மெஷின் வேறொருவருக்குப் போய்விட்டதாம். அப்பாவுக்கு அதில் வருத்தமா என்று கேட்டேன். "அம்மாவுக்கு வருத்தம்" என்றார்.

நான் பகலில் சேலத்தில் ஜவ்வரிசி வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். இரவில் கிட்டார் பழுது பார்க்கிறேன். கிட்டார் பழுது பார்த்தே பிழைக்கிற அளவுக்கு எங்கள் ஊரில் கிட்டார்கள் கெடுவதில்லை. என் அப்பா ரேடியோ கடை வைத்திருந்தவர். அவர் விட்டுப்போன ஸ்க்ரூ டப்பாக்களும் மறை அளக்கும் கேஜும்தான் என் மூலதனம். தொழிலைக் கற்றதோ, பெரும்பாலும் பிறருடைய கிட்டார்களைக் கெடுத்துத்தான். 2009 வாக்கில் ஒருவர், அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய கிட்டார் ஒன்றைக் கொடுத்தார். தந்தி முறுக்கும் சாவிகளின் பிளாஸ்டிக் பிடிகள் சுருங்கி, தொட்டால் பொடியாகிக்கொண்டிருந்தன. ஆறு சாவிகளையும் கழற்றி எறிந்தேன். புதிய சாவிகளின் தண்டு தடிமன் என்பதால் தலைப்பகுதியின் துளைகளை டிரில் வைத்துப் பெரிதாக்கினேன். கூலியும் வாங்கினேன். அவை க்ளூசன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சாவிகள் என்பதும், அந்தப் பிடிகள் சுருங்குவது அவற்றின் பிறவிக்குணம் என்பதும், பிடிகளை மட்டும் மாற்றியிருக்கலாம் என்பதும் பிறகு தெரிந்தது. மூடியின் முதுகில் பெயர் ஒரே வரியாக அடித்திருக்கிறதா, இரண்டு வரியாகவா என்று பார்த்தே கிட்டாரின் வயதை ஏறக்குறையச் சொல்லிவிடுவார்கள். நான் வயதுச் சான்றிதழைக் குப்பையில் போட்டிருக்கிறேன். அந்தக் குப்பைத்தொட்டி எந்தத் தெருமுனையில் இருந்தது என்பதுகூட இன்னும் நினைவிருக்கிறது.

டீச்சர் வீட்டுக் கிட்டார் ஆர்ச்டாப் வகை; ஆர்ச்டாப் என்பது வயலினைப் போல மேற்பலகை குவிந்த கிட்டார். நடுவில் வட்டத் துளைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளைகள் இருக்கும். சாதாரண கிட்டாரில் பிரிட்ஜைப் பலகையோடு ஒட்டிவிடுவார்கள். இதில் ஒட்டுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தில் அது தானாக நிற்கிறது. தந்திகளின் வால்நுனி, கீழ்விளிம்பில் திருகிய டெயில்பீஸ் என்னும் உலோகச் சட்டத்தில் மாட்டியிருக்கும். தந்தியைக் கழற்றினால் குதிரை கையில் வந்துவிடும், டெயில்பீஸ் மூன்று நான்கு திருகுகளில் வந்துவிடும், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் குமிழ்களும் அப்படியே. அறுபது வருடம் வாழ்ந்த ஆர்ச்டாப்பில் தலைமுறைக்கு ஒருவராவது எதையோ கழற்றியிருப்பார். அதனால்தான் எது பிறவி உறுப்பு, எது பிற்பாடு வந்தது என்ற கேள்வி இந்த வகைக் கிட்டார்களில் இவ்வளவு பெரிதாக நிற்கிறது.

டீச்சர் வீட்டுக் கிட்டார் யார் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தலைப்பகுதியில் யாரோ கதவுக்குப் பூசும் கருப்பு எனாமலைப் பூசிப் பெயரை மறைத்திருந்தார்கள். உள்ளே ஒட்டியிருந்த லேபிளை ராமபாணப் பூச்சி தின்று, பசைக்கறையின் ஓரத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. ஆனால் உடலில் ஒரு செவ்வகத் தகடு. அதில் இரண்டு குமிழ்கள், மூன்று தள்ளு சுவிட்சுகள். பேஸ் ஆன், ட்ரெபிள் ஆன், ரிதம், சோலோ என்று ஆங்கிலத்தில் எழுத்துகள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியுடைய வயலின் வடிவ பேஸ் கிட்டார் படத்தில் இதே தகட்டைப் பார்த்திருப்பீர்கள். ஹோஃப்னர். கார்ல் ஹோஃப்னர் 1887இல் ஷோன்பாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஜெர்மன் மொழிக்காரர்களை வெளியேற்றியபோது, கருவி செய்கிறவர்கள் கூட்டமாகப் போய் ஜெர்மனியில் பூபன்ராய்ட் என்ற ஊரில் குடியேறினார்கள். ஹோஃப்னரும் அங்கே போனது.

ஏற்காட்டுத் துரையிடம் அமெரிக்கக் கிட்டார் இல்லாமல் ஜெர்மன் கிட்டார் இருந்ததற்கும் காரணம் உண்டு. 1951 முதல் 1959 வரை பிரிட்டனில் அமெரிக்க இசைக்கருவிகளை இறக்குமதி செய்யத் தடை இருந்தது. அந்த இடைவெளியில் லண்டன் செல்மர் நிறுவனம் ஹோஃப்னர் கிட்டார்களை இறக்கி, பிரசிடென்ட், செனட்டர், கமிட்டி என்று ஆங்கிலப் பெயர்கள் சூட்டி விற்றது. அதே பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் பையனாக இருந்தபோது வைத்திருந்தது ஒரு பிரசிடென்ட். ஹோம் லீவில் ஊருக்குப் போன துரை லண்டனில் ஆர்ச்டாப் வாங்க நினைத்திருந்தால் அவர் கைக்கு எட்டியது இதுதான். "அப்பா கிப்சன் என்றல்லவா சொல்வார்" என்று டீச்சருக்கு லேசான ஏமாற்றம். எங்கள் பக்கத்தில் எல்லாப் பழைய கிட்டாரும் அமெரிக்கக் கம்பெனியான கிப்சன்தான், எல்லா ஜீப்பும் மிலிட்டரி ஜீப் என்பதைப் போல.

இனி உறுப்புகள். பழக்கமில்லாதவர்கள் உறுப்பைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் கழற்றி வைத்துவிட்டு அதன் அடியில் இருந்த இடத்தைப் பார்க்கிறேன். குதிரை நின்ற இடத்தை டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். அரக்குப் பூச்சில் இரண்டு பாதங்களின் தடம் தெளிவாக அழுந்தியிருந்தது. தடத்துக்குள் நிறம் தேன் போல வெளுப்பாகவும், வெளியே வெயிலும் புகையும் பட்டுப் பழுப்பேறியும் இருந்தது. அந்தக் கைவேலைக் கட்டையைத் தடத்தின் மேல் வைத்தேன். ஓரம் ஓரமாகப் பொருந்தியது. வேறு பாதத்தின் சுவடு எங்கேயும் இல்லை. பூச்சு இளசாக இருந்த காலத்திலிருந்து அந்த இடத்தில் நின்றது இந்த ஒரு குதிரைதான்.

அடுத்தது மறை. குதிரையின் உயரத்தை ஏற்றி இறக்க இரண்டு பக்கமும் திருகுத் தண்டும் சக்கரமும் உண்டு. அப்பாவின் கேஜை வைத்தேன். தண்டின் தடிமன் 4 மில்லிமீட்டர், மறைக்கு மறை 0.7 மில்லிமீட்டர். சுத்தமான மெட்ரிக் அளவு. அமெரிக்க கிப்சனின் ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜாக இருந்தால் அங்குலத்துக்கு 32 மறை, அதாவது ஏறக்குறைய 0.79 வந்திருக்கும். பிரிட்டிஷ்காரர்கள் ரேடியோவிலும் மீட்டரிலும் பயன்படுத்திய பி.ஏ. வகையில் இதற்கு நெருக்கமான 3 பி.ஏ. என்றால் தடிமன் 4.1, மறை 0.73. உடலுக்குப் பொருந்தாத நாட்டு மறை ஒன்று அகப்பட்டால் அங்கே பிற்பாடு ஒரு கை நுழைந்திருக்கிறது என்று பொருள். இந்தக் கிட்டாரிலும் அகப்பட்டது. சுவிட்சுத் தகட்டைப் பிடித்திருந்த சிறு ஸ்க்ரூக்களில் மூன்று ஒரு வகை, நான்காவது அப்பாவின் டப்பாவில் கைப்பிடிக் கணக்கில் கிடக்கிற வகை. ஏதோ பழைய வால்வு ரேடியோவின் வயிற்றிலிருந்து எடுத்து, மரத்துளைக்குள் தீக்குச்சி வைத்து முறுக்கியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் அப்பாவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

டெயில்பீஸ் விஷயம் நேர்மாறானது. கிட்டாரிலேயே மிகக் கம்பீரமாக இருந்தது அதுதான். தந்திகளை நடுக்கும் கைப்பிடி வைத்த, குரோம் முலாம் பூசிய கனத்த வார்ப்பு. கலிபோர்னியாவின் டவுனி நகரில் பால் பிக்ஸ்பி செய்த வைப்ரேட்டோவின் சாயல், ஆனால் பெயர் எதுவும் இல்லை. பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகன் இதை வைத்துத்தான் விலை சொல்லிக்கொண்டிருந்தான். கழற்றினால், அடியில் வேறொரு மெல்லிய சட்டத்தின் நிழல். கீழ்விளிம்பில் மூன்று பழைய துளைகள், மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தவை. மேற்பலகையிலேயே இரண்டு புதுத் துளைகள், விளிம்பு சிதறி, உள்ளே பச்சை மரம் தெரியும்படி. டீச்சர் கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இது என் தம்பி காலேஜில் பேண்டு வைத்திருந்தபோது செய்த கைங்கர்யம்" என்றார். பழைய சட்டம் எங்கே என்று கேட்டதற்கு, வீட்டில் உள்ள மூன்று டிரங்குப் பெட்டிகளையும் திறந்து காட்டினார். கிடைக்கவில்லை.

ஆக, தச்சர் வேலை என்று எறியச் சொன்னது கம்பெனி உறுப்பு. கம்பெனி உறுப்பு என்று கொண்டாடியது தம்பி வேலை. ஃப்ரெட் கம்பித் துண்டுகளைச் சொருகிய மரக்கட்டைதான் ஹோஃப்னரின் வழக்கமான பிரிட்ஜ். மெக்கார்ட்னியின் பேஸிலும் அதே முறைதான். தந்திக்குத் தந்தி சுருதி தனியாகத் திருத்த வேண்டும் என்ற கணக்கை, அமெரிக்காவில் ஆறு திருகுகளும் ஆறு உலோக மெத்தைகளும் வைத்துத் தீர்த்தார்கள். பூபன்ராய்டில் மிச்சமான ஃப்ரெட் கம்பியை வெட்டித் தீர்த்துவிட்டார்கள். அந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

விரல் படாமல் காக்கும் பக்கத் தகடு ஒன்றும் உண்டு. ஆமையோட்டு நிறம், விளிம்புகள் நொறுங்கிக்கொண்டிருந்தன. சட்டைத் துணியின் முனையால் இருபது முறை வேகமாகத் தேய்த்து டீச்சரிடம் நீட்டினேன். முகர்ந்தார். "கற்பூரம்!" செல்லுலாய்டு செய்ய நைட்ரோ செல்லுலோஸோடு கற்பூரத்தைத்தான் சேர்ப்பார்கள், சூடேறினால் அந்த வாசனை இன்னும் வரும். சிலர் ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், அது பழைய சினிமா ஃபிலிமின் உறவு, பற்றிக்கொள்ளும். செல்லுலாய்டு அழுகத் தொடங்கினால் அமிலப் புகை விடும். அதன் பக்கத்தில் இருக்கிற உலோகம்தான் முதலில் சாகும். இந்தக் கிட்டாரிலும் தகட்டை ஒட்டிய பிக்கப்பின் ஒரு பக்கம் மட்டும் பச்சை பூத்திருந்தது, மறுபக்கம் சுத்தம். அழுக்கு என்று அந்தப் பச்சையைத் துடைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். தகடும் பிக்கப்பும் பல பத்தாண்டுகள் அருகருகே இருந்தன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. தகட்டைக் கழற்றி, காகித உறையில் போட்டு, கிட்டாரை விட்டுத் தனியாக வைக்கச் சொன்னேன்.

கிட்டாரை அன்று நான் எடுத்து வரவில்லை. மலைக் குளிரில் அறுபது வருடம் இருந்த மரத்தைச் சேலத்து வெயிலுக்கு இறக்கினால் பலகை வெடிக்கலாம். குதிரையை மட்டும் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டேன். கடைசி பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த டப்பாவைச் சட்டைப் பையில் கை வைத்துப் பிடித்தபடியே வந்தேன். அடிவாரம் தாண்டி மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் பழைய நுழைவு வளைவைக் கடக்கும்போது, மேலே எனக்குத் துணையாக வந்திருந்த மிளகு வியாபாரி நண்பர் ஒரு யோசனை சொன்னார். "இது டி.ஆர். சுந்தரம் ஸ்டுடியோ ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த கிட்டார் என்று ஒரு வரி போட்டால் இரண்டு மடங்கு விலை போகும்." அந்த ஒரு வரிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். ஸ்டுடியோ இங்கேதானே இருந்தது என்றார். நண்பர்தான், ஆனால் அஸ்தம்பட்டி வரை நான் அவரோடு பேசவில்லை.

மறுநாள் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். சேலத்துக் கொலுசு எங்கெங்கோ போகிறது. அது உருவாகும் சந்துகளில் உலோகத்தைப் பற்றித் தெரிந்த அளவுக்கு எந்தக் கிட்டார் நிபுணருக்கும் தெரியாது. எனக்குப் பழக்கமான ஆசாரி ஒருவரின் பட்டறை இருக்கிறது. ஆறு துண்டுகளையும் அவர் முன்னால் காகிதத்தில் கொட்டினேன். ஒன்றை இடுக்கியால் எடுத்து, வெட்டு முனையை உரைகல்லில் லேசாக இழுத்தார். வெள்ளைக் கோடு. அதன் மேல் ஒரு சொட்டு அமிலம் வைத்தார். நுரைத்துப் பச்சையானது. "ஜெர்மன் சில்வர். வெள்ளி ஒரு பொட்டுகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். இதைக் கொலுசு என்று விற்கப் பார்ப்பவர்கள் இங்கேயும் வருவார்கள்" என்றார். ஃப்ரெட் கம்பிக்கு அதே உலோகம்தான். கிப்சனின் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் மூடிகளுக்கும் அதுவே. பித்தளை மூடி போட்டால் ஒலியின் கூர்மை மழுங்கும் என்று பிக்கப் கட்டுகிறவர்கள் சொல்வார்கள்.

நிக்கல் முலாத்தையும் குரோம் முலாத்தையும் பிரித்தறிய நான் கற்றதும் அந்தப் பட்டறையில்தான். புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். வருடம் போகப் போக நிக்கல் மஞ்சள் தட்டி, மூச்சுக்காற்று படிந்த கண்ணாடி போல மங்கும். குரோம் நீலம் கலந்த வெள்ளையாகவே நிற்கும், கெட்டால் புள்ளி புள்ளியாகக் கொப்பளிக்கும். கிப்சன் 1965ஐ ஒட்டி நிக்கலிலிருந்து குரோமுக்கு மாறியது. 1950களின் கிட்டார் என்று சொல்லிக் கொண்டுவருகிற ஒன்றில் எல்லா உறுப்பும் நீலமாகப் பளபளத்தால் நான் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இப்போதெல்லாம் புது உறுப்பை அமிலப் புகையில் வைத்து முதுமை ஏற்றியும் விற்கிறார்கள். அந்த முதுமை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். கை படாத அடிப்பக்கமும் கிழடு தட்டியிருந்தால் அது நடிப்பு.

அமெரிக்கக் கிட்டார்களில் இந்தத் துப்புத் துலக்கும் வேலை இன்னும் சுவையானது. கிரெட்ஷ் கிட்டார்களில் 1950களின் தொடக்கத்தில் வந்த மெலிட்டா பிரிட்ஜைப் பாருங்கள். தந்திக்கு ஒரு திருகாக ஆறு திருகுகளும் முதுகில் துருத்திக்கொண்டு, தையல் மெஷினின் உதிரிப் பாகம் போல இருக்கும். எபிஃபோனின் ஃப்ரீக்வென்சேட்டர் டெயில்பீஸ் நீளம் வேறுபட்ட இரண்டு கவைகள். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமில்லையே, ஒன்று உடைந்துவிட்டதோ என்று கேட்டவர்கள் உண்டு. டிஆர்மண்ட் பிக்கப் ஒன்று உலோகக் குச்சியில் ஏறி இறங்கும். அதை அங்கே "குச்சி மேல் குரங்கு" என்றே அழைக்கிறார்கள். அந்தப் பிக்கப்பின் வயர் நுனியில் இன்றைய ஜாக் இருக்காது, ரேடியோ மைக் போலத் திருகி மாட்டும் இணைப்பு இருக்கும். அது தெரியாமல் வெட்டி எறிந்துவிட்டுப் புது ஜாக் பற்றவைத்தவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒரு பொய் எண். கிப்சனில் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கருக்கு 1955இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள், 1959இல் கிடைத்தது. அதுவரை பிக்கப்பின் அடியில் "காப்புரிமை விண்ணப்பிக்கப்பட்டது" என்ற சிறு ஒட்டுத்தாள். கிடைத்த பிறகும் சில ஆண்டுகள் அதே தாளை ஒட்டினார்கள். பிறகு 2,737,842 என்ற எண் போட்ட தாள் வந்தது. அந்த எண்ணைத் தேடிப் போனால் அங்கே பிக்கப் இருக்காது. கிட்டார் கலைஞர் லெஸ் பால் வாங்கிய டெயில்பீஸ் காப்புரிமை அது! பிரிட்ஜும் டெயில்பீஸும் ஒன்றாகச் சேர்ந்த அந்தச் சட்டத்தை 1952இல் தங்க நிற லெஸ் பால் கிட்டாரிலும், அதே வருடம் வந்த இ.எஸ். 295 ஆர்ச்டாப்பிலும் மாட்டினார்கள். பிக்கப்பின் உண்மையான எண் 2,896,491. போட்டியாளர்கள் தேடி வரட்டும் என்று வேண்டுமென்றே தவறான எண்ணைப் போட்டதாக ஒரு கதை உலவுகிறது. அலுவலகக் கவனக்குறைவு என்று இன்னொரு கதை. எதுவாயினும், இன்று தவறான எண் இருந்தால்தான் அந்தத் தாள் அசல். சரியான எண்ணைப் போட்டுத் திருத்தமாக ஒட்டியிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஏற்காட்டுக் குதிரைக்குத் திரும்புகிறேன். கடைக்காரர் அதை எறியச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் வைத்திருந்தாராம்: மூன்றாவது தந்தி மேலே போகப் போகச் சுருதி ஏறுகிறது, பிரிட்ஜில் கோளாறு. சுருதி ஏறியது உண்மைதான், நானும் வாசித்துப் பார்த்தேன். கோளாறு தந்தியில் இருந்தது. இன்று எலெக்ட்ரிக் கிட்டாருக்கு விற்கும் கட்டுகளில் மூன்றாவது தந்தி வெறும் கம்பி. அன்று ஆர்ச்டாப்புக்குப் போட்டது மேலே இழை சுற்றிய தந்தி. சுற்றிய தந்தியின் உள்கம்பி மெல்லியது. அதற்குக் குதிரையில் இருக்கை கழுத்துப் பக்கமாகச் சற்று முன்னே இருக்க வேண்டும். தடித்த வெறும் கம்பிக்கு இருக்கை பின்னே வேண்டும். இந்தக் கட்டையில் மூன்றாவது தந்தியின் வெட்டு முன்னேதான் இருந்தது. வெட்டுக்குள் படிந்திருந்த அழுக்கின் கனத்தைப் பார்த்தால் எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. பழைய குதிரைகளில் பாதியாவது இந்த ஒரு தந்தியால் பலி போயிருக்கும் என்பது என் கணிப்பு. மூன்றாவது சுற்றித் தரும் கட்டு ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன்.

ஆசாரி பட்டறையில் இன்னொன்றும் நடந்தது. ஆறு துண்டுகளையும் திரும்ப டப்பாவில் போடும்போது அவர் பழக்கதோஷத்தில் மேசைக் காந்தத்தை அருகே கொண்டுவந்தார். ஜெர்மன் சில்வர் காந்தத்தில் ஒட்டாது. ஐந்து துண்டுகள் அசையவில்லை. ஒன்று மட்டும் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. கழற்றி லென்ஸில் பார்த்தோம். ஃப்ரெட் கம்பியின் தலை காளான் போல உருண்டிருக்கும். இதில் உருண்டை இல்லை, நடுவே ஓடை போல ஒரு குழிவு. எஃகு. அடியில் துரு. ஓரத்தை அரத்தால் பொறுமையாக ராவி, வெட்டுக்குச் சரியாக அளவு எடுத்திருந்தார்கள். ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குடைக்கம்பி" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி மலையேறினேன். ஒரு துண்டு ஃப்ரெட் கம்பியை வெட்டி, ராவி, மற்ற ஐந்துக்கும் ஜோடியாகத் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். குதிரையை அதன் தடத்தில் நிறுத்தி, தந்திகளை ஏற்றுவதற்கு முன் டீச்சரிடம் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். இது ஜெர்மன்காரன் வைத்த மாதிரி, இது குடைக்கம்பி, எதைப் போடட்டும்?

டீச்சர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஏற்காட்டு மழையில் குடைகள் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது என்றும், அப்பா எந்தக் குடையையும் எறியவிட மாட்டார் என்றும் சொன்னார். கம்பிகளைத் தனியே எடுத்துத் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுப்பாராம், கதவுத் தாழ்ப்பாளுக்கு ஊசி செய்வாராம், அம்மாவுக்குக் கொண்டை ஊசிகூட ஒருமுறை செய்து கொடுத்தாராம், அம்மா அதைப் போட்டுக்கொள்ளவில்லையாம். கிட்டார் வாசிப்பாரா என்று கேட்டேன். ஒரே ஒரு பாட்டு, அதுவும் மூன்று தந்திகளில் மட்டும், என்றார்.

"விற்கும்போது இதைச் சொல்ல வேண்டுமா தம்பி?"

"சொல்லத்தான் வேண்டும், டீச்சர். ஐந்து அசல், ஒன்று மாற்று என்று."

"அப்படியானால் விலை குறையுமா?"

"கொஞ்சம்."

அவர் உள்ளே போய்விட்டார். அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. திரும்பி வந்து காப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு, பழைய டெயில்பீஸை இன்னொருமுறை பரணில் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். விற்பதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

நான் குடைக்கம்பியை மூன்றாவது வெட்டில் வைத்து, சுற்றிய தந்தியை அதன் ஓடைக்குள் இறக்கி முறுக்கினேன். பன்னிரண்டாம் கட்டில் அழுத்திப் பார்த்தபோது சுருதி சரியாக நின்றது. நான் செய்து கொண்டுபோன புதுத் துண்டை நொறுங்கிய செல்லுலாய்டு இருக்கும் உறையில் போடவில்லை; வேறொரு உறையில் போட்டு, மேலே தேதியும் "மூன்றாம் தந்தி, மாற்று, 2024" என்றும் எழுதி, கிட்டார் பெட்டியின் மூடிக்குள் செருகி வைத்தேன்.